பொருள்: நிலத்தின் ‘என்ஜாய்மென்ட்’ தமிழில் என்ன?

அவிநாசியிலிருந்து, செவ்வாய் இரவு

எல்லாருக்கும் வணக்கம்ங்க.

தடத் தகராறு (தோட்டத்துக்குப் போகிற பாதைச் சண்டை), வரப்புத் தகராறு என்று எங்கள் உதவி மையத்துக்கு வருகிறவர்களுக்காக நாலு பக்கப் படிவம் ஒன்று தயாரிக்கிறோம். வக்கீலைப் பார்க்கப் போகுமுன் பட்டா யார் பேரில், பத்திரம் எந்த வருஷத்தது, பயிர் வைப்பது யார் என்று அவர்களே நிரப்பி எடுத்துப் போகலாம். மூலம் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் ‘டைட்டில்’, ‘பொசஷன்’, ‘என்ஜாய்மென்ட்’ என்று வரிசையாக மூன்று கட்டங்கள். முதல் இரண்டுக்கும் உரிமைமூலம், சுவாதீனம் என்று போட்டாயிற்று. நிலத்தைக் கையாண்டு பயனெடுப்பது யார் என்று கேட்கிற மூன்றாவதில்தான் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது.

ஒரு மொழிபெயர்ப்புக் கருவியைக் கேட்டோம். ‘நிலத்தின் மகிழ்ச்சி’ என்றது. ‘பீஸ்ஃபுல் என்ஜாய்மென்ட்’ என்று கொடுத்தால் ‘அமைதியான இன்பம்’. அன்றைக்கு மையத்தில் டீ குடித்த எல்லாரும் அமைதியான இன்பம் அடைந்ததுதான் மிச்சம்.

சரி, பத்திரத்தில் காலங்காலமாக இருக்கிற சொல்லையே வைப்போமென்று ‘அனுபவம்’ என அச்சடித்து, வந்தவர்கள் சிலரிடம் கொடுத்துப் பார்த்தோம். ஒரு பெரியவர் அந்தக் கட்டத்தில் ‘கறவை மாடு 15 வருடம், கோழிப்பண்ணை 6 வருடம்’ என்று எழுதியிருந்தார். அவர் பேரனோ காலேஜ் முடித்த பையன். அவன் படிவத்தில் ‘இல்லை, ஃப்ரெஷர்’.

இன்னொரு கூத்தும் நடந்தது. பழைய கிரயப் பத்திர வாசகம் ஒன்றை அதே கருவியில் கொடுத்து ஆங்கிலமாக்கச் சொன்னோம். ‘ஆண்டு அனுபவித்து’ என்பதில் உள்ள ஆண்டை அது வருஷம் என்று எடுத்துக்கொண்டது. ஆள்கிற ஆண்டு அது, காலண்டர் ஆண்டு இல்லையே.

எனக்குத் தோன்றியவை துய்ப்பு, நுகர்வு, அனுபோகம். கட்டத்துக்குள் அடங்குகிற ஒரே சொல்லாக இருக்க வேண்டும். படிக்கிறவர் வேறு எதையும் நினைத்துவிடக் கூடாது. உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்க. திட்டினாலும் சரிதான்.

---

கோபியிலிருந்து, புதன் காலை

அன்புள்ள அம்மணிக்கு,

துய்ப்பு. யோசிக்கவே வேண்டாம்.

‘செல்வத்துப் பயனே ஈதல், துய்ப்பேம் எனினே தப்புந பலவே’ என்று புறநானூற்று 189ஆம் பாட்டில் நக்கீரர் சொல்கிறார். அங்கே துய்த்தல் என்பது மனசுக்குள் பூக்கிற சந்தோஷம் இல்லை. கையிலிருக்கும் பொருளை எடுத்து ஆண்டுகொள்ளும் செயல். ‘கோடி தொகுத்தார்க்கும் துய்த்தல் அரிது’ என்று ஊழ் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வதும் அதே பொருளில்தான். சேர்த்து வைத்தவன் ஒருவன், துய்ப்பவன் வேறொருவன் என்று உடைமையையும் துய்ப்பையும் பிரித்துப் பார்க்கிற பார்வை அந்தக் குறளிலேயே இருக்கிறது. உங்கள் படிவத்தின் முதல் கட்டத்துக்கும் மூன்றாவது கட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் வேறென்ன?

மற்றவற்றை ஒதுக்கக் காரணம் சொல்லிவிடுகிறேன். நுகர்தல் அருமையான சொல். மோந்து பார்ப்பது, ஐம்புலனாலும் அனுபவிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஆனால் 1986இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தோடு அது கடைத்தெருவுக்குப் போய்விட்டது. இன்றைக்கு ‘நிலத்தின் நுகர்வு’ என்றால் யாரோ நிலத்தை விழுங்கிவிட்டான் என்றுதான் படும். மகிழ்ச்சி, களிப்பு இரண்டும் ஆதியில் கள் வாசம் அடிக்கிற சொற்கள். சங்கப் பாட்டில் மகிழ் என்றால் கள்ளும்தான், அது தருகிற மயக்கமும்தான். உவகை எட்டு மெய்ப்பாட்டில் ஒன்று. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்று அதற்கு நாலு பிறப்பிடம் சொல்கிறது தொல்காப்பியம். நல்ல சொல்தான், ஆனால் அது முகத்தில் தெரிகிற உணர்ச்சி. கிராம நிர்வாக அலுவலர் அதற்குச் சான்று தர முடியாது.

---

திருப்பூரிலிருந்து, புதன் மதியம்

ஐயா கோவிச்சுக்கக் கூடாதுங்க.

துய்ப்பு என்று எங்க அப்பாருகிட்டச் சொல்லிப் பார்த்தேன். ‘துப்பா?’ என்றார். இல்லைங்க, துய்ப்பு என்றேன். ‘அதான், துப்பு. போலீசுக்குக் குடுக்கறது’ என்றார். பக்கத்தில் இருந்த என் சித்தப்பா, ‘துப்புக்கெட்டவன்னு திட்டுவமே, அதா?’ என்றார். படிவத்தில் ‘உங்கள் துய்ப்பு’ என்று போட்டால் எங்க ஊர்ப் பெரியவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

அகராதியைப் புரட்டினால் இன்னொரு வேடிக்கை. துய் என்றால் பஞ்சு, மெல்லிய நார் என்றும் இருக்கிறது. பனியன் கம்பெனியில் எங்கள் தலைமுடியெல்லாம் துய்தான். அந்தக் கணக்கில் இந்த ஊரே துய்ப்பில் மூழ்கிக் கிடக்கிறதுங்க.

என் ஓட்டு ‘என்ஜாய்மென்ட்’ என்றே தமிழில் எழுதிவிடலாம் என்பதற்கு. அதிலும் ஒரு தொல்லை இருப்பது தெரியும். என் வயசுப் பசங்களிடம் என்ஜாய் பண்ணு என்றால் சனிக்கிழமை ராத்திரி பைக்கை எடுத்துக்கொண்டு ஊட்டிக்கோ வால்பாறைக்கோ போவது. நிலத்தை என்ஜாய் பண்றது என்றால் வரப்பில் உட்கார்ந்து செல்ஃபி எடுப்பதாக நினைப்பார்கள்.

---

கோபியிலிருந்து, புதன் மதியமே

தம்பி, உங்கள் அப்பாரு எங்களையெல்லாம்விடத் தமிழ் தெரிந்தவர். ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்கிற பன்னிரண்டாம் குறளில் துப்பார் யார்? உண்பவர். துப்பு எது? உணவு. துய்ப்புதான் அங்கே துப்பு. சண்டைக்கு வருகிறவர்களுக்கு அந்தக் குறளைச் சொல்லுங்கள். நாக்குச் சுளுக்கிக்கொண்டாவது திரும்பிப் போய்விடுவார்கள்.

---

தாராபுரத்திலிருந்து, வியாழன்

அம்மணி,

நான் பத்திர எழுத்தர். எங்கய்யனும் அதே தொழில். இந்தக் குழுவில் ஒரு வருஷமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை என்பதால் எழுதுகிறேன். பிழையிருந்தால் கோபி வாத்தியார் திருத்திக்கட்டும்.

எங்கய்யன் எழுதின கிரயப் பத்திரத்தில் கடைசிப் பக்கம் இப்படித்தான் போகும்: ‘இன்று முதல் தாங்களே மேற்படி சொத்தைச் சுவாதீனமடைந்து, புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.’ தானமாகக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்பதுதான் நடுவில் இருக்கிற சமஸ்கிருத மூட்டை. அதையெல்லாம் மூச்சுவிடாமல் வாசித்துவிடுவேன். ‘ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று முடிக்கும்போது மட்டும் விற்கிறவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். அந்த வரியில்தான் பூமி கைமாறுகிறது. அதுவரைக்கும் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஆத்தாமார்கள் அந்த இடத்தில் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பழைய பத்திரங்களில் அஷ்டபோகம் என்று வரும். பூமியின் எட்டு அனுபவம். நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம். தரு, அதாவது மரத்தையும் சேர்த்து எழுதுவார்கள். பட்டியலுக்குப் பட்டியல் ஒன்றிரண்டு மாறும். புதையலும், புதைத்து வைத்ததும், தண்ணீரும், கல்லும், இப்போது வருகிறதும், இனிமேல் வரப்போகிறதும் எல்லாம் வாங்குகிறவனுக்கே என்று அர்த்தம். ஒருத்தர் வாசகத்தைக் கேட்டுவிட்டு, ‘எல்லாஞ் செரி, பாஷாணம் எதுக்குங்க, மருந்துக் கடைல வாங்கிக்கறன்’ என்றார். பாஷாணம் என்றால் இங்கே கல். அவர் எலி மருந்து என்று நினைத்துவிட்டார்.

இந்த எட்டில் எங்கேயாவது சந்தோஷம் இருக்கிறதா பாருங்க. கிடையாது. தண்ணியும் கல்லும் மரமும்தான். சட்டத்தில் என்ஜாய்மென்ட் என்பதும் இதேதான்.

கொஞ்சம் உள்ளே போய்ச் சொல்கிறேன். பாகப் பிரிவினை எழுதும்போது கிணறு எப்போதும் பொதுவில் நிற்கும். ‘கிணற்றில் நாலில் ஒரு பாகமும், மாமூல் வண்டித்தட பாத்தியமும்’ என்று எழுதுவோம். நாலு அண்ணன் தம்பிக்கு நாலு நாளைக்கு ஒரு முறை. த்ரீபேஸ் கரண்ட் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தால், முறைக்காரன் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு இட்டாரியில் (வேலிகளுக்கு நடுவே போகிற தடத்தில்) நடந்து போய் மோட்டாரைப் போட வேண்டும். பாம்புக்கும் பயந்துகொண்டு, காலில் கருவேல முள்ளும் ஏறும். அவன்தான் சட்டப்படி கிணற்றை ‘என்ஜாய்’ பண்ணிக்கொண்டிருக்கிறான். மகிழ்ச்சி என்று படிவத்தில் போட்டால் அவன் என்ன எழுதுவான்?

தடமும் அப்படித்தான். 1882ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம், பதினைந்தாம் பிரிவு. அடுத்தவன் பூமி வழியாக இருபது வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாக நினைத்துப் போய் வந்தால் அந்தத் தடம் உங்களுக்குப் பாத்தியம் ஆகும். அரசாங்கத்து இடமென்றால் முப்பது வருஷம். இதற்கும் சட்டத்தில் இருக்கிற சொல் என்ஜாய்தான். ஆனால் எங்க சனம் இதை அனுபவம் என்று சொல்லாது. ‘எங்க அப்பன் பாட்டன் காலத்துலருந்து இந்தத் தடத்துல பொழங்கீட்டு வர்றமுங்க’ என்றுதான் சொல்லும். பாத்திரமும் பொழங்குவோம், தடமும் பொழங்குவோம், பங்காளி வீட்டிலும் பொழங்குவோம். சண்டை வந்தால் ‘அவனோட பொழக்கமில்லை’ என்போம்.

அடமானத்துக்கு வேறு சொல். ஒருத்தர் கடன் கொடுக்கிறார், வட்டிக்குப் பதிலாகத் தோட்டத்து விளைச்சலை எடுத்துக்கொள்கிறார். சொத்து மாற்றுச் சட்டத்தில் ஐம்பத்தெட்டாம் பிரிவில் வருகிற அடமானம் அது. நாங்கள் போக்கியம் என்போம், ஒத்தி என்றும் சொல்வார்கள். இதை எந்தப் பள்ளிக்கூடம் போகாத ஆளுக்கும் விளக்க வேண்டியதில்லை. இதைத் தொட்டுவிடாதீங்க.

கடைசியாக ஒன்று. கூட்டுப் பட்டா சமாச்சாரத்தில் ஆறு பேர் பேர் இருக்கும். எதிரில் உட்கார்ந்தவர் சொல்வார்: ‘பட்டா கூட்டுங்க, அனுபவம் தனித்தனி. ஓடைக்குத் தெக்கால பூரா எங்க அனுபவத்துலதான் இருக்குது.’ இதைவிடத் தெளிவாக எந்த வக்கீலும் சொல்லிவிட முடியாது. அதனால் அனுபவத்தை விடக் கூடாது என்பது என் கட்சி. படிவம் படிக்கத் தெரியாமல் கோழிப்பண்ணை என்று எழுதினால் அது படிவத்தின் குத்தம், சொல்லின் குத்தம் இல்லை.

---

பவானியிலிருந்து, வியாழன் இரவு

தாராபுரத்து ஐயா எழுதியதைப் படித்துவிட்டு மனசு நிறைந்துபோச்சு. நான் வாய்க்கால் பாசனக்காரன், போகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போகம், போக்கியம், அனுபோகம், போஜனம் எல்லாம் வடமொழியில் ஒரே வேரில் கிளைத்தவை. உண்ணுவது, ஆள்வது இரண்டும் அந்த வேருக்குப் பொருள். அனுபவம் வேறு வேர். ஒலி கிட்டத்தில் இருப்பதால் ஒரே குடும்பம் மாதிரித் தோன்றும். ஏகபோகம் என்று தினசரியில் படிக்கிறோமே, ஒரு கம்பெனியே சந்தையைப் பிடித்துக்கொள்வது என்று. அது முன்னாளில் ஊர் முழுக்க ஒருத்தர் அனுபவத்தில் இருந்த நிலத்துக்குச் சொன்ன சொல்.

எங்கள் பக்கம் போகம் என்றால் வெள்ளாமைதான். கீழ்பவானி வாய்க்காலில் 2,07,000 ஏக்கர் பாசனம். எல்லாத்துக்கும் ஒரே சமயத்தில் தண்ணி பத்தாது. அதனால் பாதிக்கு நெல்லுக்கு ஒரு முறை, மறு பாதிக்குக் கடலை, எள்ளுக்கு ஒரு முறை என்று பிரித்து விடுகிறார்கள். கொடிவேரியில் பிரிகிற தடப்பள்ளி, அரக்கன்கோட்டைக் காரர்கள் இரண்டு போகம் நெல் வைப்பார்கள். அவர்களைப் பார்த்து எங்களுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, அது வேற கதை. ‘போகம் எடுத்தாச்சு’ என்று மொட்டையாக என் மகன் பெண் பார்க்கப் போன வீட்டில் சொல்லிவிட்டான். பொண்ணு சென்னையில் வளர்ந்தது, போகம் என்றால் வேறு அர்த்தம் பண்ணிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது. எண்ணோடு சேர்ந்தால் பயிர், தனியாக நின்றால் சிற்றின்பம். ஆகையால் அனுபோகமும் படிவத்துக்கு ஆகாதுங்க. யாராவது சிரிப்பார்கள்.

---

பொள்ளாச்சியிலிருந்து, வெள்ளி

நான் குறுக்கே வருகிறேன். இந்த வாரம் பூராவும் எல்லாரும் சந்தோஷத்தை ‘அது வேற’ என்று ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேசுகிறீர்கள். அது அவ்வளவு சுலபமாகத் தள்ளிப் போகிற சங்கதி இல்லை.

எங்க அம்முச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெத்த பாட்டிக்கு, ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. அப்புச்சி, அதாவது தாத்தா, அதை அம்முச்சி பேரில் எழுதி வைத்துவிட்டுப் போனார். ஐம்பத்தெட்டு நாளைக்கு ஒரு வெட்டு, காய் எண்ணிப் போடுவது, குத்தகைக் காசு எல்லாம் மாமனிடம். அம்முச்சி திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொல்லும்: ‘தோப்பு எம்பட பேருல, அனுபவம் பூரா உங்க மாமனுக்கு.’ கொஞ்ச நேரம் கழித்து, ‘அனுபவிக்கவும் ஒரு குடுப்பின வேணும் கண்ணு’ என்னும். முதல் வாக்கியத்தில் இருப்பது தாராபுரத்து ஐயாவின் அனுபவம். இரண்டாவது வாக்கியத்தில் இருப்பது எது? அதுவும் அதே சொல்தான். தோப்புக்குள் கட்டிலைப் போட்டு ஒரு மத்தியானம் படுக்க வேண்டும் என்று அதற்கு ஆசை. அதைத்தான் சொன்னது. எளநி ஒன்று கேட்டு வாங்கிக் குடிக்கிற நிலைமையில் இருந்தது அது.

இந்தச் சொல்லுக்கு எப்போதும் இரண்டு முனை. ‘நல்லா அனுபவிச்சு வாழ்ந்த மனுசன்’ என்போம். ‘செஞ்சத அனுபவிக்கறான்’ என்றும் சொல்வோம். ஜெயில் தண்டனையும் அனுபவிப்பதுதான். நோம்பியையும் பாருங்க. நோன்பு என்றால் வயிற்றைக் காயப்போடுவது. இங்கே பொங்க நோம்பி, தீவாளி நோம்பி, மாரியாத்தா நோம்பி என்றால் ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்து வீடு கொள்ளாமல் ஆட்டுக்கறி கொதிக்கிற நாள். பட்டினிச் சொல்லை எடுத்துக் கொண்டாட்டத்துக்கு வைத்துக்கொண்ட சனம் நாம். ஆடி நோம்பிக்கு வேப்பமரத்தில் தூரி கட்டி ஆடினால், அந்தப் பொழுதை என்னவென்று சொன்னோம்? மகிழ்ச்சி என்றா? நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ‘ஆச தீர ஆடியாச்சு’ என்போம். கண்ணாரப் பார்த்தது, வயிறாரத் தின்றது, காது குளிரக் கேட்டது என்று எந்த உறுப்பு நிறைந்ததோ அதன் பேரைச் சொல்வோம். பொதுவாக ‘எஞ்சாய்’ என்று ஒரு சொல் நமக்குத் தேவைப்பட்டதே இல்லை. அதனால்தான் சாப்பாட்டு ஆப்பில் ‘உங்கள் உணவை மகிழுங்கள்’ என்று வரும்போது எரிச்சலாக இருக்கிறது. பந்தியில் யாராவது அப்படிச் சொல்வார்களா? ‘கூச்சப்படாம நல்லா வாங்கிச் சாப்புடுங்க’ என்றால் முடிந்தது.

படிவத்துக்கு என்ன வைப்பது என்று எனக்குத் தெரியாது. துய்ப்பு என்று மட்டும் வைத்தால் அம்முச்சி சொன்ன இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் இருந்த கயிறு அறுந்துவிடும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

---

அவிநாசியிலிருந்து, ஞாயிறு

எல்லாருக்கும் நன்றிங்க. பொள்ளாச்சி அக்காவின் மடலை மையத்தில் சத்தமாக வாசித்தோம். ரெண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார்கள்.

எல்லா மடலையும் காகிதத்தில் எடுத்து, ‘அனுபவம்’ வருகிற இடமெல்லாம் கோடு போட்டேன். ஊர்ச் சனம் பேசியதாக வருகிற இடங்களில் அது தனியாக நிற்பதே இல்லை. ‘எங்க அனுபவத்துல இருக்குது’ என்கிறார்கள். வேற்றுமை உருபு ஒட்டியிருக்கிறது, பின்னால் ‘இருக்குது’ நிற்கிறது. ‘பட்டா கூட்டு, அனுபவம் தனித்தனி’ என்ற இடத்தில் உருபு இல்லை, ஆனால் பட்டா பக்கத்தில் காவல் நிற்கிறது. அம்முச்சி சொன்னதில் ‘எம்பட பேருல’ என்பது காவல். பவானி ஐயாவின் போகமும் அப்படியே, எண்ணைக் கழற்றிவிட்டால்தான் பொண்ணு உள்ளே ஓடுகிறது. சொல்லில் கோளாறில்லை. நான்தான் அதைத் துணையில்லாமல் உரித்து ஒரு கட்டத்தின் தலையில் உட்கார வைத்தேன். ஆங்கிலப் படிவத்துக்கு வெறும் பெயர்ச்சொல் போதும். அதைப் பார்த்து நானும் வெறும் பெயர்ச்சொல்லே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். முதல் மடலில் ‘ஒரே சொல்லாக இருக்க வேண்டும்’ என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆகையால் கட்டத்தின் தலைப்பை எடுத்துவிட்டுக் கேள்வியாகவே போடுகிறோம்: ‘இந்தப் பூமி இப்போது யார் அனுபவத்தில் இருக்கிறது? எந்த வருஷத்திலிருந்து?’ இதற்கு யாரும் கோழிப்பண்ணை என்று எழுத முடியாது என்று நம்புகிறேன். தாராபுரத்து ஐயா ஜெயித்தார்.

தடம், வாய்க்கால், கிணற்று முறை மூன்றையும் அந்தக் கட்டத்திலிருந்து பிரித்துத் தனிப் பக்கமாக்கினோம். ஈஸ்மென்ட்டுக்குப் புத்தகங்களில் வசதியுரிமை என்று பார்க்கிறேன். ‘வசதி’ என்றதும் பணக்காரன் நினைப்பு வருகிறது, முள்ளுத் தடத்துக்கு அது ஒட்டவில்லை. ‘புழங்குரிமை’ என்று வைத்திருக்கிறேன். அச்சில் புழங்கு, வாயில் பொழங்கு. அதன் கீழே, ‘இந்தத் தடத்தில் எத்தனை வருஷமாகப் புழங்கி வருகிறீர்கள்? நடுவில் யாராவது தடுத்தார்களா? அவர்களிடம் கேட்டுக்கொண்டு போனீர்களா, கேட்காமலா?’ கடைசிக் கேள்வி முக்கியம் என்று எங்கள் வக்கீல் அக்கா சேர்க்கச் சொன்னார். இரவல் வாங்கிப் புழங்கினால் எத்தனை வருஷமானாலும் அது உரிமையாகாதாம்.

போக்கியத்தைத் தொடவில்லை.

துய்ப்பு படிவத்தில் இல்லை. வாத்தியார் ஐயா வருத்தப்பட வேண்டாம். மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று நாங்கள் வைத்திருக்கும் சொற்பட்டியலில் உடைமைக்கு எதிரில் துய்ப்பு என்றும், பிறர் சொத்தின் விளைச்சலை மட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமைக்குப் பயன்துய்ப்பு என்றும் ஏற்றிவிட்டேன். கட்டுரை எழுதுகிறவருக்கு வெறும் பெயர்ச்சொல் தேவைப்படும், அங்கே அது நிற்கும். திருப்பூர்த் தம்பியின் அப்பாரு ‘துப்பு’ என்று வாசித்தாலும் தப்பில்லை என்று அடிக்குறிப்புப் போடலாமா என்று யோசித்துப் பிறகு விட்டுவிட்டேன்.

நேற்றுச் சேவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆத்தா வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தடத்தில் கல்லு நட்டுவிட்டாராம். புதுப் படிவத்தை வாசித்துக் காட்டினேன். யார் அனுபவத்தில் என்று கேட்டதும், ‘எம்பட அனுபவத்துலதான் சாமி, எங்கூட்டுக்காரரு போயி ஒம்பது வருசமாச்சு, நாந்தான் பாத்துக்கறன்’ என்று மளமளவென்று சொன்னது. புழங்குரிமை என்று வாசித்தபோது மட்டும் நிறுத்தச் சொன்னது.

‘அதென்ன சாமி, பொழங்கறதுக்கு உரிமை? பொழங்கீட்டே இருந்தா உரிமைதான?’

பதினைந்தாம் பிரிவு அதுதான் என்று சொன்னேன். எத்தனை வருஷமாக என்று கேட்டதற்கு, கல்யாணம் பண்ணி வந்த வண்டி அந்தத் தடத்தில்தான் வந்தது என்றது. வருஷத்தைக் கணக்குப் போட்டுக் கட்டத்தில் எழுதினோம். நாற்பத்தொன்று.

ஒரு திருத்தம்: அனுப்பிய கோப்பில் இரண்டாம் பக்கத்தில் ‘புளங்குரிமை’ என்று ளகரம் விழுந்திருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் மாற்றி அனுப்புகிறேன். ‘சுவாதீனம்’ பற்றி யாருக்காவது மாற்று யோசனை இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்க, இதில் கலக்க வேண்டாம்.